இரண்டு தட்டு என்றால் நில்

அந்த அழைப்பு வந்தபோது நான் பத்தாம் தரப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தெரியாத இலக்கம். எடுத்தேன். என் வயதை ஒத்த ஒரு பெண்ணின் குரல். வெல்லாவெளியிலிருந்து கதைப்பதாகவும், என் சிறுகதைத் தொகுப்பை ஒரு புத்தகக் கண்காட்சியில் வாங்கியதாகவும் சொன்னாள். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் ஒரு புனைபெயரைச் சொன்னாள்.

"அந்தப் பேரில முந்தி ஒராள் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை எழுதினது. கேள்விப்பட்டிரிக்கிறீங்களா, டீச்சர்?"

கையிலிருந்த சிவப்புப் பேனை விடைத்தாளில் ஒரு நீளக் கோடு இழுத்துவிட்டது. யாரோ ஒரு பிள்ளையின் சரியான விடைக்குக் குறுக்கே.

"எழுதினது என்ட அம்மாதான். நான் ஒண்டும் வாசிச்சதில்ல, அவ சொல்லித்தான் தெரியும்," என்றாள்.

நான் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினேன். வீட்டில் ஒருவரும் இல்லை, இருந்தும் சாத்தினேன். என் ஒன்பது வயதிலிருந்து அந்தப் பெயருக்குப் பின்னால் நான் ஓர் ஆணை வைத்திருந்தேன்: மெலிந்த, கண்ணாடி போட்ட ஒரு மாமா. அவர் வெளிநாட்டுக்குப் போய் அங்கேயே செத்துப்போய்விட்டார் என்று எப்போதோ யாரோ சொன்னதை நம்பியும் இருந்தேன். அந்தச் செய்தி எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

"அம்மா ஒங்கட புத்தகத்த வாசிச்ச நாள்ள இரிந்து ஒரு மாதிரி, டீச்சர். அதில மூணாவது கதைய தான்தான் எழுதின எண்டு சொல்றா. நாங்க சொன்னாக் கேக்கிறா இல்ல. டொக்டரிட்டக் காட்டினம். மறதி வருத்தம் துவங்கியிரிக்கும் போல எண்டு சொன்னவங்க. வாசிக்கிறதெல்லாம் தன்ட எண்டு தோணுமாம். குளிசை தந்தும் குடிக்கிறா இல்ல. நான் விசரி இல்ல எண்டு சண்டை. நீங்க ஒருக்கா வந்து அது ஒங்கட கதைதான் எண்டு ஒங்கட வாயால சொன்னா நம்புவா. பெரிய உபகாரமாப் போகும்."

"வாறன்," என்றேன். மறுத்தால் சந்தேகம் வந்துவிடும் என்ற பயத்தில்தான் அப்படிச் சொன்னேன். சனிக்கிழமை என்று முடிவாயிற்று. அன்று செவ்வாய்.

அந்த மூன்றாவது கதையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

களுதாவளையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் நூலகம் என்றால் ஓர் இரும்பு அலுமாரி. அதில் அந்தப் புனைபெயரில் வந்த, மஞ்சள் அட்டை போட்ட மெல்லிய புத்தகம் ஒன்று இருந்தது. மட்டக்களப்பில் ஏதோ ஒரு சின்ன அச்சகத்தில் அடித்து, நடுவில் கம்பி குத்தியது. ஏழு கதைகள். எங்கள் வாவியும், எங்கள் தோணியும், எங்கள் வாயில் வரும் பேச்சும் அப்படியே எழுத்தில் இருந்த முதல் புத்தகம் எனக்கு அதுதான். அதுவரை புத்தகத்தில் வரும் பிள்ளைகள் வேறெங்கோ இருக்கிறவர்கள் என்று நினைத்திருந்தேன். திருப்பித் திருப்பி எடுத்துப்போனதில் அலுமாரிக்குப் பொறுப்பான ஆசிரியர் பதிவுப் புத்தகத்தில் எழுதுவதையே விட்டுவிட்டார். ஏழு கதைகளும் எனக்கு மனப்பாடம்.

அதிலும் மூன்றாவது கதைதான் அது. அதில் ஒரு தகப்பனுக்கு வைத்தியத்துக்காகத் தொண்டையில் வெட்டிக் குரல் போய்விடுகிறது. அவர் வாவியில் மீன் பிடிக்கிறவர். மகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போவார். பேச முடியாததால் கம்பால் தோணியின் பக்கப் பலகையில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் நில். நிறுத்தாமல் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தால், பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று அர்த்தம். அந்தக் கதையில் ஒரு வரி வரும்: "அப்பாவின் குரல் போன பிறகுதான் வீட்டில் எல்லோரும் அவர் சொல்வதைக் கேட்கத் தொடங்கினார்கள்."

போரில் இடம்பெயர்ந்து ஓடியபோது என் பையில் அந்தப் புத்தகம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிக் கொடுக்காதது. முகாமில் அடை மழை. அம்மாவுக்குக் காய்ச்சல். ஈர விறகு பிடிக்கவில்லை. ஒவ்வொரு தாளாகக் கிழித்து அடுப்பு மூட்டினேன். கிழிக்கும்போது ஒவ்வொரு தாளையும் ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் வைத்தேன். சுடுதண்ணீர் கொதித்தது, அம்மா பிழைத்தார். அதில் எனக்கு வருத்தமில்லை.

இருபத்தாறு வயதில் செய்தது வேறு. ஒரு சிறுகதைப் போட்டிக்கு எழுத உட்கார்ந்து ஐந்து தடவை கிழித்துப் போட்டேன். தபாலில் சேர்க்கக் கடைசி நாள் வந்தது. அன்று காலை அந்தக் கதையை ஒரே மூச்சில் எழுதினேன். வாவியைக் கடலாக்கினேன். மகளை மகனாக்கினேன். கதையில் உயிரோடிருந்த தாயைச் சாகடித்தேன். தட்டுகளை மாற்றவில்லை. அந்த வரியையும் மாற்றவில்லை. மாற்றிப் பார்த்தேன், கதை செத்துப்போனது. ஆகவே திரும்ப வைத்துவிட்டேன்.

முதல் பரிசு. மேடையில் நடுவர் ஒருவர் அந்த வரியை வாசித்து, இந்த ஒரு வரிக்காகவே கொடுத்தோம் என்றார். சபை கைதட்டியது. நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். யாராவது எழும்பப் போகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் எழும்பவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதலில் கடைசி வரிசையைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. வயதான முகம் ஏதாவது என்னையே பார்த்தால் பேச்சைச் சுருக்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். பிறகு சுனாமி வந்தது. பள்ளிக்கூடத்து இரும்பு அலுமாரியோடு, கரையோரத்தில் எங்காவது மிஞ்சியிருந்திருக்கக்கூடிய பிரதிகளும் போயின. அந்தப் புத்தகம் இனி உலகத்தில் என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்தபோது, அத்தனை சாவுக்கு நடுவில், எனக்குள் ஓர் ஆறுதல் வந்தது. அதை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

செவ்வாயிலிருந்து சனி வரை நான்கு நாட்கள். பழைய புத்தகங்கள் சேர்க்கும் ஒருவரை அழைத்து, கட்டுரை ஒன்று எழுதப்போவதாகப் பொய் சொல்லி, அந்த மஞ்சள் புத்தகம் எங்காவது இருக்குமா என்று கேட்டேன். கண்டதே இல்லை என்றார். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டே என்ன எழுதுகிறேன் என்று மறந்து நின்றேன். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் யன்னலை விட்டு விலகி நின்றேன்.

என் கணவர் சோற்றுக் கோப்பையைக் கழுவியபடி கேட்டார். "என்ன, நேர்முகத் தேர்வுக்குப் போறவள் மாதிரி இரிக்க?"

"பழைய எழுத்தாளர் ஒராள் வரச் சொல்லியிரிக்கிறா. வெல்லாவெளிக்கு."

"நல்ல விசயந்தானே. போய்ப் பாத்திட்டு வா. வயசான மனிசி."

சனிக்கிழமை காலை ஸ்கூட்டரில் குருமண்வெளித் துறைக்குப் போனேன். அங்கிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் தட்டையான படகை நாங்கள் பாதை என்போம். வாகனங்களும் மனிதரும் ஒன்றாக நிற்போம். அன்று காற்று இல்லை. தண்ணீரில் நீர்க்காகங்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு போயின. எல்லோரும் விலைவாசியைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இருந்தது.

மண்டூர் தாண்டி வெல்லாவெளி வீதியில் அறுவடை முடிந்த வயல் வட்டைகள் இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடந்தன. ஓரிடத்தில் நாலைந்து பேர் வீதியை மறித்து நின்றார்கள். "ஆனை நிக்கி, கொஞ்சம் பொறுங்க," என்றார் ஒருவர். குளக்கட்டுப் பக்கம் பற்றைகள் அசைந்தன. எல்லோரும் அது போகட்டும் என்று காத்திருக்க, நான் மட்டும் அது போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அது நின்றால் திரும்பிப் போய்விடலாம். ஆனை வந்து வழி மறித்தது என்று சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பத்து நிமிடத்தில் அது போய்விட்டது.

மகள் படலையைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்தீங்களே டீச்சர், அதே போதும்," என்று மெல்லச் சொன்னாள். உள்ளே குசினியில் டின்களில் எல்லாம் வெள்ளைத் தாள் ஒட்டி, சீனி, உப்பு, தேயிலை என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு தாளின் கீழும் வேறொரு கையெழுத்தில், பென்சிலால், "தெரியும்" என்று எழுதியிருந்தது. சீனி. தெரியும். உப்பு. தெரியும். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. நான் பார்க்கப் போவது ஒரு நோயாளியை அல்ல.

தாய் சாய்கதிரையில் இருந்தார். பெரிய உடம்பு, அகன்ற கைகள். ஊரூராய்ச் சைக்கிளில் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்த அரசாங்க மருத்துவிச்சி என்று மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். மடியில் என் புத்தகம். அதற்குள் நிறையத் தாள் துண்டுகள் அடையாளம் வைக்கப்பட்டிருந்தன.

"இரிங்க புள்ள. களுதாவளையா?"

"ஓம் அம்மா."

"அங்க மூணு வருசம் வேல செஞ்சன். ஒங்கள நானே பிறப்பிச்சிரிப்பனோ தெரியா." சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நான் ஒண்டு கேப்பன். ஒளிக்காமச் சொல்லுங்க. ஒங்களக் கள்ளி எண்டு சொல்லக் கூப்பிடல்ல. எனக்கு என்னிலேயே பயமாக் கிடக்கு. அதுக்குத்தான் கூப்பிட்டன்."

மகள் அவருடைய கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"என்ட அப்பாக்குத் தொண்டையில ஒப்பரேசன் செஞ்சி குரல் போயிற்று. தோணியில கம்பால தட்டித்தான் என்னோட பறைவார். அத நான் எழுதினன், புத்தகமாப் போட்டன் எண்டு நினைக்கன். வீடு எரிஞ்ச நேரம் எல்லாம் போயிற்று. ஒரு தாள் இல்ல. இவ சொல்றா, ஒங்கட கதைய வாசிச்சிப்போட்டு அத என்ட எண்டு நான் நினைக்கனாம். வாசிச்சது எது, வாழ்ந்தது எது எண்டு பிரிக்க ஏலாத வருத்தமாம். இவ பிறக்க முந்தியே அப்பா செத்துப்போனார். கேக்க ஒருத்தரும் மிச்சமில்ல. நீங்கதான் சொல்ல வேணும். இந்தக் கதை ஒங்களுக்கு எங்க இரிந்து வந்த?"

மகள் என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினாள். சொல்லுங்கள் என்று.

எனக்கு முன்னால் என் பள்ளிக்கூடம் தெரிந்தது. ஆசிரியர் அறை தெரிந்தது. மேடையில் நின்ற நடுவர் தெரிந்தார். என் புகைப்படம் போட்ட பின்னட்டை அவருடைய மடியில் மேல் பார்த்துக் கிடந்தது. அதில் நான் புன்னகைத்துக்கொண்டிருந்தேன்.

"அது நான் யோசிச்சி எழுதினது அம்மா," என்றேன். "கற்பனைதான்."

"கற்பனை."

"ஓம் அம்மா."

அவர் கத்தவில்லை. வாதாடவில்லை. புத்தகத்தை மூடினார். அகன்ற கையால் அட்டையை ஒரு தடவை தடவினார். "அப்ப என்ட அப்பா தட்டல்லியா?" என்றார். அதை என்னிடம் கேட்கவில்லை. யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. பிறகு மகளிடம் திரும்பி, "அந்தக் குளிசையத் தா புள்ள," என்றார்.

மகள் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என் தோளைப் பிடித்து அழுத்தினாள். நன்றி என்று சொல்வது போல. கிழவி குளிசையை விழுங்கினார். பிறகு எழும்பி நின்று, மகளைப் பார்த்துக் கேட்டார்:

"நான் கிணத்தடிக்குப் போகலாமா?"

தன் சொந்த வளவில், ஆயிரம் தடவை போய்வந்த கிணற்றடிக்கு அனுமதி கேட்டார். நான் வந்து இருந்தபோது என்னைக் கண்ணுக்குக் கண் பார்த்த மனுசி. அரை மணித்தியாலத்தில் நான் செய்தது அது.

தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு மகள் வருவதற்குள், அவசரம் என்று சொல்லி வெளிக்கிட்டுவிட்டேன். மண்டூர்த் துறைக்கு வந்தபோது படகு அக்கரையில் நின்றது. வாகை மர நிழலில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு நின்றேன். இனி யாருக்கும் தெரியாது. எழுதியவரே தான் எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டார். இத்தனை வருடமும் எனக்கு வேண்டியிருந்தது அதுதான். ஆனால் அந்த மனுசி இன்றிலிருந்து தன் தகப்பனை ஒவ்வொரு தட்டாக அழித்துக்கொண்டு வருவார் என்ற எண்ணம் வந்தது. அப்பாவின் கம்பு, அப்பாவின் தோணி, முன்னால் குந்தியிருந்த சின்னப் பெண், எல்லாவற்றையும். குளிசை போட்டுப் போட்டு. அது எனக்கு மட்டும் தெரியும்.

படகு வந்தது. ஆட்கள் ஏறினார்கள். ஓட்டுகிறவர் கூப்பிட்டார். "டீச்சர், ஏறல்லியா? இத விட்டாச் சுணங்கும்."

"ஒண்ட மறந்திட்டு வந்திட்டன்," என்று சொல்லி ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

துணிவு வந்து திரும்பினேன் என்று எழுத ஆசைதான். அப்படியில்லை. வழியில் இரண்டு தடவை ஸ்கூட்டரை நிறுத்தினேன். ஒவ்வொரு மதகிலும் இன்னும் திரும்பலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். படலையைத் திறக்கும்போதும் சொன்னேன்.

அவர் பகல் வெளிச்சத்தில் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக் கட்டிலில் படுத்திருந்தார். மகள் குசினியிலிருந்து வந்து, "என்ன டீச்சர், ஏதும் விட்டிட்டுப் போயிட்டீங்களா?" என்றாள். நான் அவளைத் தாண்டிப் போனேன். அறை வாசலில் நின்றேன்.

"அம்மா, நான் பொய் சொல்லிப்போட்டன்."

அறைக்குள் ஓர் அடி வைத்தேன்.

"மஞ்சள் அட்டை. ஏழு கதை. பள்ளிக்கூடத்தில எடுத்து வாசிச்சி வாசிச்சி ஏழும் எனக்குப் பாடம். அதில மூணாவது கதையத்தான் நான் மாத்தி எழுதினன். ஒங்கட கதைய நான்தான் எடுத்தன்."

சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "அட்டையில என்ன படம்?"

"படம் ஒண்டும் இல்ல அம்மா. எழுத்து மட்டும். 'கதைகள்' எண்டதில முதல் எழுத்தில மை பரவியிரிந்த."

அவர் எழும்பி உட்கார்ந்தார். "அந்த அச்சுக்காரன்!" என்றார், இத்தனை வருடத்துக்குப் பிறகும் கோபத்தோடு. "நான் சொல்லச் சொல்ல அப்பிடியே அடிச்சிப்போட்டான்." பிறகு முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு அழுதார். அழுதபடியே மகளைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டியா? அப்பா தட்டினவர்தான். கேட்டியா புள்ள? தட்டினவர்தான்."

மகள் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்ல மாட்டேன். "வெளிய போங்க," என்றாள்.

"நிக்கட்டும்," என்றார் கிழவி. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "நான் குளிசை குடிக்கக்குள்ள நீங்க பாத்துக்கொண்டு இரிந்தீங்க," என்றார்.

"ஓம் அம்மா."

"பாத்துப்போட்டுப் போனீங்க."

"மண்டூர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தன்."

"நீங்க பயந்த ஆள்." அதை ஒரு நோயின் பெயரைச் சொல்வது போலச் சொன்னார். "நானும் இந்த ஒரு மாசமாப் பயந்தன். ஒங்கட பயம் ஒங்கட பேர் கெட்டிரும் எண்டு. என்ட பயம் எனக்கு நானே இல்லாமப் போயிருவன் எண்டு. ரெண்டும் ஒண்டில்ல."

அவர் மகளிடம் கொப்பி ஒன்று வாங்கி என் முன்னால் வைத்தார். "எழுதித் தாங்க. நாளைக்கு நான் மறந்தாலும் இவ மறக்கக் கூடாது." எழுதினேன். கையெழுத்து வைத்தேன். அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். ஓர் எழுத்துப் பிழை இருந்தது, அதைத் திருத்தச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "வேலைக்கு ஏதும் பிரச்சினை வருமா?" என்றார். அதற்குப் பிறகு, "என்னட்டயும் சொல்லல்லியே," என்றார். இரண்டாவது வார்த்தைதான் அதிக நாள் வீட்டுக்குள் இருந்தது.

பதிப்பாளருக்கும், அந்தப் போட்டியை நடத்தியவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கும் கடிதம் எழுதினேன். ஒரு பத்திரிகைக்கும் எழுதினேன். அது வெளிவந்த வாரம் என் போன் அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு ஒரேயடியாக அடங்கியது. ஒரு விழா அழைப்பிதழில் இருந்த என் பெயர் இரண்டாவது அச்சில் இருக்கவில்லை. ஆசிரியர் அறைக்குள் நான் போனால் பேச்சு மாறும். பார்த்து எழுதினால் புள்ளி இல்லை என்று இருபது வருடமாகச் சொல்லிவந்த வகுப்பில், முன் வரிசையில் இருந்த ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்:

"டீச்சர், நீங்க பாத்து எழுதினீங்களாம். உண்மையா?"

"ஓம்," என்றேன். அவள் உட்காரவில்லை. இன்னும் ஏதோ சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். நான் புத்தகத்தைத் திறந்து பாடத்தைத் தொடங்கினேன்.

ஆறு மாதம் கழித்து வெல்லாவெளியிலிருந்து மகள் அழைத்தாள். குரலில் மரியாதை இருந்தது, சூடு இருக்கவில்லை. மட்டக்களப்பில் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்களாம். மறதி வருத்தம் இருப்பது உண்மைதான் என்றாள். அந்தக் கதை விசயத்தில் அம்மா சொன்னது சரி. ஆனால் வருத்தமும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

"அம்மா ஒங்கள வரச் சொல்றா," என்றாள். "எனக்கு விருப்பமில்ல. அவ சொல்றா."

போனேன். கிழவி பீடிகை எதுவும் போடவில்லை. "ஒங்களுக்கு ஏழும் பாடம் எண்டு சொன்னீங்க. எனக்கு இப்ப ஒண்டு ரெண்டுதான் வருது. திரும்ப எழுத வேணும். நான் இரிக்கக்குள்ள."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் போகிறேன். நான் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக் கேட்பார். "இல்ல, அங்க நான் 'வெள்ளம்' எண்டு எழுதல்ல, 'தண்ணி' எண்டுதான்." "அந்தப் பொடிச்சிக்கு அவ்வளவு அறிவு இல்ல, அதத் தூக்கு." அப்படிச் சொல்லும் நாட்களில் மகிழ்ச்சியோடு அடித்துத் திருத்துவேன். சில நாட்களில் என்னை யாரென்று தெரியாமல் பிள்ளைப்பேற்றுக்கு வந்தவள் என்று நினைத்து எத்தனையாவது மாசம் என்று கேட்பார். அந்த நாட்களில் எழுத மாட்டோம். ஐந்து கதைகள் முடிந்துவிட்டன. மகள் தட்டச்சு செய்கிறாள். என்னுடன் அவசியத்துக்கு மட்டும் பேசுகிறாள்.

இப்போது எனக்கு இருப்பது புதுப் பயம். ஆறாவது கதை எனக்கு முழுதாக நினைவில்லை. இடையிடையே ஓட்டை. அந்த ஓட்டைகளை என் மனம் தானாகவே நிரப்பிவிடுகிறது. முப்பது வருடமாக எழுதிப் பழகிய மனம். எது நான் ஒன்பது வயதில் வாசித்தது, எது நான் இப்போது கட்டுவது என்று எனக்கே பிரித்தெடுக்க முடியவில்லை. முன்பெல்லாம் அவர் மறித்துவிடுவார். இப்போது மறிப்பது குறைந்துவிட்டது.

போன சனிக்கிழமை, சந்தையில் தாயைத் தொலைத்த பிள்ளை ஒவ்வொரு சேலையாகப் பிடித்து முகர்ந்து பார்க்கும் இடத்தில், ஒரு வரி சொன்னேன். சொன்னதும் கிழவி கையைத் தட்டினார்.

"அதுதான்! அப்பிடித்தான் எழுதினன். எழுது, எழுது."

"அம்மா, இது நானாச் சேத்ததோ தெரியா. வடிவா யோசிச்சிப் பாருங்க."

அவர் யோசித்தார். நெற்றி சுருங்கியது. என் முகத்தில் விடை இருப்பது போல என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை நான் முதல் நாள் கண்டிருக்கவில்லை. அப்போது அவர் என்னைச் சோதித்தார், இப்போது நம்புகிறார்.

"பரவால்ல, நல்லாத்தானே கிடக்கு," என்றார். "எழுது புள்ள."

எழுதினேன். அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டேன். அப்படிக் கோடு போட்ட வரிகள் அந்தக் கதையில் இப்போது பதினொன்று இருக்கின்றன. அச்சுக்குப் போவதற்கு முன் அவற்றை மகளிடம் காட்டி, இவை யாருடைய வரிகள் என்று எனக்குத் தெரியவில்லை, உங்கள் அம்மாவுக்கும் இனித் தெரியாது என்று சொல்ல வேண்டும். அவள் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை. வருகிற சனிக்கிழமை சொல்வதாக இருக்கிறேன்.